போல்ட் துளைகள் விலகாமல் வெல்ட் செய்ய

வெல்டிங் ஜிக்கில் (வெல்ட் செய்யும்போது பாகங்களைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் அமைப்பு) இரண்டு போல்ட் துளைகளைக் கொண்டு தகட்டை நிறுத்தும்போது, ஒரு துளைக்கு முழு உருண்டையான டவல் பின்னையும் (துளைக்குள் நுழைந்து தகட்டின் இடத்தை நிலைப்படுத்தும் முளை), மற்றதற்கு, முதல் பின்னை நோக்கிய பக்கமும் அதன் எதிர்ப்பக்கமும் தட்டையாகத் தேய்க்கப்பட்ட டவல் பின்னையும் பொருத்துங்கள். போல்ட்டையே மாட்டி நிறுத்துவது போதாது. எம்12 (12 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுக்கு வழக்கமாகப் போடும் 13.5 மி.மீ. துளையில் 1.5 மி.மீ. ஆட்டம் இருப்பதால் தகடு நகர்ந்த நிலையிலேயே வெல்ட் ஆகிவிடும், 13.4 மி.மீ. டவல் பின்னில் அந்த ஆட்டம் 0.1 மி.மீ. மட்டுமே. இரண்டும் முழு உருண்டையாக இருந்தால், துளைகளின் இடைவெளி சற்று மாறினாலும் தகடு உள்ளே இறங்காது, இறங்கினாலும் வெல்ட் ஆறிச் சுருங்கும்போது பின்களை இறுகப் பிடித்துக்கொள்ளும், சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற வேண்டியிருக்கும். தட்டையாகத் தேய்த்த டவல் பின்னோ அந்தச் சுருக்கத்துக்கு இடம் விட்டு, தகடு திரும்பிவிடாமல் மட்டும் தடுக்கிறது. பின்களில் வெல்டிங் தெறிப்பு ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

துளைக்கு மிக அருகில் கனமான வெல்ட் ஓடும் வேலைகளுக்கு இது பொருந்தாது. அங்கே துளையே இழுபட்டுவிடும் என்பதால், சிறிய துளையாக விட்டு, வெல்ட் ஆறிய பிறகு ரீமர் (துளையைத் துல்லியமாகப் பெரிதாக்கும் வெட்டுக்கருவி) போட்டு முழு அளவுக்குக் கொண்டுவருவதே சரி.