கடை வேலைக்கு ட்ரெயினிங் போறீங்களா, இத பாத்துட்டு போங்க

ப்ளஸ் டூ முடிச்சிட்டு சும்மா இருக்க தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து தம்பி தங்கச்சிகளுக்குத்தான் சொல்றேன், கடை வேலைக்கும் ட்ரெயினிங் இருக்குப்பா. மத்திய அரசோட தீன் தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்யா யோஜனாங்கிற வேலைப் பயிற்சித் திட்டம், 2014ல ஆரம்பிச்சது, கிராமத்து ஆளுங்க 15லேர்ந்து 35 வயசு வரைக்கும் சேரலாம், ஃபீஸ் கிடையாது, அதனால சீட்டுக்கு பணம் கட்டுன்னு எவனாச்சும் கேட்டா எந்திரிச்சு வந்துருங்க. சேரும்போதே வேலை எந்த ஊர்ல, சம்பளம் எவ்வளவுன்னு கேட்டுக்கோங்க.

கிளாஸ்ல பில்லிங், ஸ்டாக் அடுக்குறதெல்லாம் வந்துரும். பழைய தேதி பாக்கெட் முன்னாடி, புதுசு பின்னாடி, அவ்ளோதான்.

பேச்சுதான் கஷ்டம். லீவு நாள்ல ராமேஸ்வரத்துல ஏதாவது சங்குக் கடையில நின்னு பழகுங்க, வடநாட்டு யாத்ரீகர் சங்க கையில எடுத்த உடனே வெலைய சொல்லாம காதுல வச்சு கேக்க விடுங்க, அப்புறமா சொல்லுங்க, இந்தில நம்பர் மட்டுமாவது தெரிஞ்சிருக்கணும் (டேட் சௌன்னா நூத்தம்பது, நான் ரொம்ப நாள் இத குழப்பிக்கிட்டேன்).

ஜிபே பண்ணிட்டேன்னு போன காட்டுனா நம்பாதீங்க, நம்ம ஸ்பீக்கர் பெட்டி பணம் வந்துச்சுன்னு சொன்னப்புறம் பொருள குடுங்க. நான் ஸ்கிரீன்ஷாட்ட பாத்து குடுத்து 600 ரூவா சம்பளத்துல போச்சு.