முனைவர் பட்டமும் ஆடிப் பட்டமும்

எம்.எஸ்சி. அக்ரி முடித்து பிஎச்.டி. சேர நினைக்கும் தம்பி தங்கைகள் யாராவது போன் செய்தால், எந்த கைடு (ஆய்வு வழிகாட்டி) நல்லவர், எங்கே உதவித்தொகை கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இரண்டும் முக்கியம்தான். ஆனால் நான் திருப்பிக் கேட்பது வேறு: எந்த மாதம் சேரப் போகிறாய், உன் பயிரை எந்த மாதம் விதைக்க வேண்டும்? பெரும்பாலும் பதில் வராது. ஆய்வகத்திலேயே வேலை செய்பவருக்குச் சோதனை கெட்டுப்போனால் திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிக்கலாம். நம் வயல் சோதனை கெட்டால் அடுத்த வருடம் அதே பட்டம் (விதைப்புப் பருவம்) வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் யாரும் பிஎச்.டி. செய்யவில்லை, ஆனாலும் இந்தப் படிப்புக்கு அதைவிட நல்ல அறிவுரை எனக்குத் தெரியாது.

சரி, முதலில் உள்ளே நுழைவது. மாநில வேளாண் பல்கலைக்கழகங்கள் தாங்களே விண்ணப்பம் வாங்கிச் சேர்ப்பது ஒரு வழி. டெல்லி ஐ.ஏ.ஆர்.ஐ. (இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடங்களுக்கும், மாநிலப் பல்கலைக்கழகங்களில் உள்ள ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) ஒதுக்கீட்டு இடங்களுக்கும் ஏ.ஐ.சி.இ. ஜே.ஆர்.எஃப்./எஸ்.ஆர்.எஃப். (இளநிலை, முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) தேர்வு எழுத வேண்டும், இதை என்.டி.ஏ. என்கிற தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. தாவரவியல், பயோடெக்னாலஜி பக்கமிருந்து வருபவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தேர்வு. அதில் வேளாண்மைக்கென்று தனித் தாள் கிடையாது, லைஃப் சயின்ஸ்தான் நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். 2023 ஜனவரி முதல் அந்த உதவித்தொகை ஜே.ஆர்.எஃப். காலத்தில் மாதம் 37,000, அப்புறம் எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000 ரூபாய். 2024 முதல் ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களும் நெட் மதிப்பெண்ணை வைத்து பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அப்படி வாங்கிய மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். இன்னொன்று, ஏ.எஸ்.ஆர்.பி. (வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம்) நடத்தும் நெட் தேறினால் மாதாமாதம் பணம் வரும் என்று நினைத்துக்கொண்டு பலர் படிக்கிறார்கள். வராது. அது உதவிப் பேராசிரியர் வேலைக்கான தகுதி மட்டும்தான்.

கைடு விஷயத்தில் (வேளாண் கல்லூரிகளில் சேர்மன் என்போம்) சீனியர்கள் சொல்லும் கதைகளை நம்புவதைவிட வேளாண் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் கிருஷிகோஷ் தளத்துக்குப் போய், அவரிடம் முடித்தவர்களின் தீசிஸ் நாலைந்தை எடுத்துப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் முகப்புப் பக்கத்தில் மாணவரின் ஐ.டி. எண் இருக்கும், அதற்குள்ளேயே சேர்ந்த வருடமும் இருக்கும். சமர்ப்பித்த வருடத்திலிருந்து அதைக் கழித்தால் அவரிடம் எத்தனை வருடம் ஆகும் என்று தெரிந்துவிடும். நன்றியுரையையும் படியுங்கள், சம்பிரதாய வரி எது, மனசிலிருந்து வந்த வரி எது என்று பார்த்தவுடன் புரியும். அவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்பதைக் கூச்சப்படாமல் விசாரியுங்கள். யூ.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது. வேளாண் பல்கலைக்கழகங்களில் இதோடு இடமாற்றத் தொல்லையும் உண்டு. நீங்கள் கோவையில் நாற்று விட்டிருப்பீர்கள், அவரை ஏதோ ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்கு மாற்றியிருப்பார்கள்.

இனி தலைப்பு. ஐ.சி.ஏ.ஆர். பாடத்திட்டத்தில் பிஎச்.டி.க்கு மொத்தம் 100 கிரெடிட், அதில் 75 ஆராய்ச்சிக்கே போகிறது. வயல் சோதனை என்றால் ஒரு பட்டத்து முடிவை மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள், குறைந்தது இரண்டு பட்டம் வேண்டும். அதனால் தீசிஸ் கொடுக்க வேண்டிய மாதத்தை முதலில் எழுதிக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். எழுத ஆறு மாதம், மண், பயிர் மாதிரிகளை ஆய்வு செய்து முடிக்க நாலைந்து மாதம், அதற்கு முன்னால் இரண்டாவது அறுவடை, அதற்கு ஒரு வருடம் முன்னால் முதல் நடவு என்று வந்து பார்த்தால், பாடங்களெல்லாம் முடியட்டும், அதற்குப் பிறகு வரும் தகுதித் தேர்வும் முடியட்டும், அப்புறம் வயலில் இறங்கலாம் என்பது நடக்காத காரியம் என்று தெரியும். நெல்லில் குறுவைக்கு ஜூன், ஜூலை, சம்பாவுக்கு ஆகஸ்ட், தாளடிக்கு செப்டம்பர், அக்டோபர், நவரைக்கு டிசம்பர், ஜனவரி. நுண்ணூட்டம், உர அளவு போன்ற தலைப்பாக இருந்தால் குறுவையில் விட்டதை நவரையில் ஓரளவு பிடித்துவிடலாம். சம்பாவில் களைக் கட்டுப்பாடு என்று எடுத்தால் வருடத்துக்கு ஒரே வாய்ப்பு, அதுவும் வடகிழக்குப் பருவமழையின் தயவில். பயிர் இனப்பெருக்கத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பட்டம் போய்விடும், ஆகவே கலப்பு செய்வதிலிருந்து நீங்களே ஆரம்பிக்காதீர்கள். துறையில் ஏற்கெனவே நிலைப்படுத்திய வழிகள் (தலைமுறை மாறினாலும் குணம் மாறாத பயிர் வரிசைகள்) இருந்தால் கேட்டு வாங்குங்கள். மா, தென்னை மாதிரிப் பயிர்களுக்குக் காய்க்கிற தோப்பைத்தான் பிடிக்க வேண்டும், கன்று நட்டால் தீசிஸுக்கு முன்னால் உங்களுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிடும்.

நானும் ஒரு பட்டத்தை விட்டவன்தான். குறுவைக்கு நாற்று தயாராக நின்றபோது பண்ணையின் போர்வெல் மோட்டார் காயில் எரிந்தது. புதுக் காயில் கட்ட ஒப்புதல் கேட்டு ஃபைல் மேஜை மேஜையாகப் போய் வருவதற்குள், 18 முதல் 22 நாளில் பிடுங்கி நட வேண்டிய நாற்று 35 நாளைத் தாண்டிவிட்டது. வயதான நாற்று சரியாகத் தூர் கட்டாது, அந்தத் தரவை வைத்து எதையும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து நாற்றங்காலை பத்து நாள் இடைவெளியில் இரண்டாக விடுகிறேன், ஒன்று வீணாகப் போனாலும் பரவாயில்லை.

வயலில் இறங்கும் முன் டிசைன். பெரும்பாலும் ஆர்.பி.டி.தான் போடுவோம், அதாவது வயலைப் பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எல்லா ட்ரீட்மென்டையும் (சோதிக்கும் முறைகளை) குலுக்கிப் போட்டு வைப்பது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது புள்ளியியலாளர் ஃபிஷர் வகுத்துக்கொடுத்த அதே முறை, 1935இல் அவர் புத்தகமாகவும் போட்டார். எத்தனை ரெப்ளிகேஷன் (ஒவ்வொரு ட்ரீட்மென்டையும் எத்தனை முறை திரும்பப் போடுவது) என்பதற்கு ஒரு கை கணக்கு உண்டு: ட்ரீட்மென்ட் எண்ணிக்கையில் ஒன்று, ரெப்ளிகேஷன் எண்ணிக்கையில் ஒன்று கழித்துப் பெருக்கினால் வருவதுதான் எரர் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், அது 12க்குக் குறையக் கூடாது. ட்ரீட்மென்ட் ஏழு என்றால் 6ஐ 2ஆல் பெருக்கினால் 12, மூன்று ரெப்ளிகேஷன் போதும். ஐந்தே ட்ரீட்மென்ட் என்றால் நான்கு ரெப்ளிகேஷன் வேண்டும். ட்ரீட்மென்டைக் குறைத்தால் வேலை குறையும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மண் வளம் எந்தப் பக்கம் சரிகிறதோ அதற்குக் குறுக்கே பிளாக்குகள் விழ வேண்டும். தழைச்சத்து அளவுகளைச் சோதிக்கிறீர்கள் என்றால் பாத்திகளுக்கு நடுவே இரட்டை வரப்பு போடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பாத்தி உரம் கசிந்து, உரமே போடாத கன்ட்ரோல் பாத்தி கரும்பச்சையாக நிற்கும். உரம் போடுவதற்கு முன்னால் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் மாதிரி எடுத்து, நிழலில் உலர்த்தி, சலித்து, பெயர் எழுதி இரண்டு பையாக வையுங்கள். இதை மறந்தால் அப்புறம் எந்தக் காசு கொடுத்தாலும் கிடைக்காது. பெயரைப் பென்சிலில் எழுதுங்கள், ஸ்கெட்ச் பேனா மை ஒரே மழையில் போய்விடும்.

வயலில் வேலை செய்பவர்களிடம் எந்தப் பாத்தி எதற்கு என்று உட்கார்ந்து விளக்குவதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. களைச் சோதனையில் களையே எடுக்காத பாத்தி ஒன்று ஒவ்வொரு ரெப்ளிகேஷனிலும் இருக்கும், மற்றவற்றை அதோடுதான் ஒப்பிடுவோம். என் நண்பன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு அக்கா மூன்று பாத்தியையும் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். "இதை மட்டும் மறந்துட்டீங்களே தம்பி, காடாக் கெடந்துச்சு, அதான் எடுத்துட்டேன்." திட்டவும் முடியவில்லை. அடுத்த பட்டத்தில் அந்தப் பாத்திகளுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி அந்த அக்காவையே காவலுக்குப் போட்டான், ஒரு களை போகவில்லை.

தரவை அன்றன்றைக்கே கணினியில் ஏற்றுங்கள், வயல் நோட்டின் பக்கத்தை போனில் படம் எடுத்துவையுங்கள். புள்ளியியலுக்கு ஆர் (R) என்ற மென்பொருளைக் கற்றுக்கொண்டால் காலத்துக்கும் உதவும், அதிலுள்ள அகரிகோலே (agricolae) என்ற தொகுப்பே நம் மாதிரி ஆட்களுக்காக எழுதியதுதான். வித்தியாசம் வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுதுங்கள், எண்ணைத் தட்டிக் கொட்டி நேராக்கப் பார்க்காதீர்கள். யூ.ஜி.சி. 2022இல் கட்டுரை வெளியிடும் கட்டாயத்தை எடுத்துவிட்டாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் வைத்திருக்கின்றன, உங்கள் இடத்து விதியைக் கேட்டுக்கொண்டு, தேசிய வேளாண் அறிவியல் கழகம் இதழ்களுக்குக் கொடுக்கும் நாஸ் மதிப்பெண் பார்த்து இதழைத் தேர்ந்தெடுங்கள். இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டுங்கள் என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள்.

முதல் பயிர் நிற்கும்போதே பொருட்களும் முறைகளும் அத்தியாயத்தை எழுதி முடித்துவிடுங்கள், என்ன ரகம், எத்தனை இடைவெளி, எந்தத் தேதியில் எந்த உரம் என்பதெல்லாம் அப்போதுதான் நினைவில் இருக்கும். அப்படியே வானிலை நிலையத்துக்கும் ஒரு நடை போய் அந்தப் பட்டத்தின் வாராந்திர மழை, வெப்பநிலைக் கணக்கை வாங்கி வந்துவிடுங்கள்.