தெருவோரம் கிடந்த புல்வெட்டியை ஓட வைப்பது

ஏப்ரல் கடைசியில் பனியெல்லாம் கரைந்து புல் தலைதூக்கியதும், கனடாவின் டொரோண்டோவில், ஸ்காபரோவில் குப்பை எடுக்கும் நாளுக்கு முந்தின இரவு எங்கள் தெருவில் ஒரு சுற்று நடந்தால் புல்வெட்டும் மெஷின் ஒன்றாவது கிடக்கும். புல் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் டொரோண்டோ நகரசபை கடிதம் போடலாம். அந்த அவசரத்தில் மெஷினை வெளியே எடுப்பார்கள், கயிற்றைப் பத்துப் பதினைந்து தரம் இழுப்பார்கள், தோள்மூட்டு வலித்ததும் அதைத் தெருவுக்குத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கப் போய்விடுவார்கள். அப்படி வந்ததுதான் என்னுடையது. 3.5 குதிரைவலு பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின். மேல்மூடித் தகட்டில் அடித்திருக்கும் மூன்று எண்களில் கடைசி எண் 94 என்று தொடங்கினால் 1994இல் செய்தது, அடுத்த நான்கு இலக்கமும் மாதமும் திகதியும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், "ஐயோ கொண்டு போங்கோ" என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் கண்டதையெல்லாம் தூக்காதீர்கள். அங்கேயே மூன்றைப் பார்க்க வேண்டும். முதலில் கைப்பிடியில் இருக்கும் கம்பியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கயிற்றை மெல்ல இழுங்கள். இந்தக் கம்பியைப் பிடிக்காமல் இழுத்துவிட்டு "எஞ்சின் இறுகிப்போச்சு" என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர். கம்பியை விட்டால் பிரேக் எஞ்சினைப் பிடித்துக்கொள்ளும், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அதன் கேபிள் துருப்பிடித்து நின்றிருந்தாலும் இதே கதைதான். இழுக்கும்போது ஒரு இடத்தில் கை தடைப்பட்டு, அதைத் தாண்டி மறுபடி இலகுவானால் கம்ப்ரெஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் பலம், இருக்கிறது. எங்கேயும் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் விட்டுவிடுங்கள். இரண்டாவது, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டு மெஷினைச் சரித்து, பிளேடின் ஒரு நுனி தகட்டு விளிம்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு பிளேடைத் திருப்பி மற்ற நுனியை அதே இடத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் பிளேட் வளைந்திருக்கலாம், அது பரவாயில்லை. பிளேடைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையே சுற்றும்போது ஆடினால் எஞ்சினின் சுழலும் தண்டு வளைந்துவிட்டது, அதற்கு நாம் செய்ய ஒன்றுமில்லை. மூன்றாவது அடித்தகடு. மேல்துரு என்றால் சரி, விரல் போகிற ஓட்டை என்றால் வேண்டாம், பிளேட் எறியும் கல் உங்கள் காலுக்குத்தான் வரும்.

சரிக்கும்போது காற்று வடிகட்டி இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். மாறிச் சரித்தால் எஞ்சின் ஆயில் வடிகட்டிக்குள் இறங்கிவிடும், அப்புறம் ஸ்டார்ட் ஆனதும் தெருவே வெள்ளைப் புகையாகும். அப்படி ஆனாலும் பயப்பட வேண்டாம், சில நிமிடத்தில் எரிந்து தீரும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எஞ்சினைப் பிரித்துப் போடத்தான் கை துறுதுறுக்கும். வேண்டாம். இப்படி எறிந்த மெஷின்களில் நான் பார்த்த வரை முக்கால்வாசியும் பழைய பெட்ரோலால்தான் படுத்திருக்கின்றன. இங்கே பம்பில் வருவதில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். ஒரு குளிர்காலம் டேங்கில் கிடந்தால் பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும், அடியில் பழுப்பாகப் பிசின் படியும். ஆகவே முதலில் டேங்கை ஒரு கேனில் காலி செய்து, நகரசபை அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள், தயவுசெய்து சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

அடுத்து எஞ்சினுக்கு உயிர் இருக்கிறதா என்ற சோதனை. இதை நான் கனடாவில் கற்கவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது, சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெட்ரோலைச் சில துளி விட்டு உதைத்தால் பிடித்துவிடும், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அதே வித்தைதான் இங்கேயும். பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து அதன் உலோக உடம்பை எஞ்சினின் வெறும் உலோகத்தில் தொடும்படி வைத்து, கம்பியை ஒருவர் பிடித்திருக்க இன்னொருவர் கயிற்றை இழுங்கள், நீலப் பொறி தெரிய வேண்டும். பெட்ரோல் பக்கத்தில் எங்கும் இருக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. பொறி இருந்தால் காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு உள்ளே அரைத் தேக்கரண்டி புது பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு நொடி பொரிந்து அணைந்தால் சந்தோஷப்படுங்கள், கோளாறு காபரேட்டரில், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகத்தில்.

பொறியே இல்லை என்றால் புது பிளக் போட்டுப் பாருங்கள், அதன் நுனியில் பொறி பாயும் இடைவெளி 0.030 அங்குலம், அதாவது 0.76 மில்லிமீட்டர். அதற்கும் இல்லை என்றால் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை வாங்க ஓடாதீர்கள். கைப்பிடிக் கேபிள் நீண்டு தளர்ந்திருந்தால் கம்பியைப் பிடித்தாலும் எஞ்சினை நிறுத்தும் வயர் எர்த்திலேயே, அதாவது எஞ்சின் உலோகத்திலேயே, தொட்டுக்கொண்டு பொறியை அடக்கிவிடும். என்னுடையதில் எலி கடித்த வயர்தான் குற்றவாளி, ஒரு மணி நேரம் காயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது காபரேட்டர். இந்த மாதிரி எஞ்சினில் அது டேங்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். எஞ்சினோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் இரண்டும் சேர்ந்தே வரும், ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய கம்பியும் ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருந்தன என்று அதற்கு முன்பே போனில் படம் எடுங்கள். நான் எடுக்கவில்லை, ஸ்பிரிங்கைத் தவறான துளையில் மாட்டி, எஞ்சின் ஊளையிட்டதும் ஓடிப்போய் நிறுத்தினேன். டேங்கையும் காபரேட்டரையும் பிரித்தால் நடுவில் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். எஞ்சின் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அது துடித்து பெட்ரோலை மேலே ஏற்றும், பம்ப் என்று ஒன்று இருந்தால் அதுதான். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புதுசு வெற்றிலை போல வளையும், பழசு அப்பளம் போல விறைத்து ஓரம் சுருண்டிருக்கும். சில டொலர்தான், கழுவி மறுபடி போடும் கஞ்சத்தனம் வேண்டாம். டயாஃப்ரமும் இணைப்பை அடைக்கும் கேஸ்கட்டும் எது மேலே எது கீழே இருந்தது என்பதையும் படம் எடுத்து வையுங்கள், மாறினால் பெட்ரோல் ஏறாது. டேங்குக்குள் இறங்கும் குழாயின் நுனியில் இருக்கும் வலையையும் சின்னத் துளைகளையும் காபரேட்டர் கிளீனர் அடித்துக் கழுவுங்கள். அடைப்பு இருந்தால் மின்வயரின் ஒரு செப்பு இழையை விட்டு எடுங்கள். ஊசி விட்டால் துளை பெரிதாகிவிடும். டேங்கின் உள்ளே மண்ணோ துருவோ இருந்தால் நாலைந்து தரம் அலசிக் காயவையுங்கள். ஸ்பாஞ்ச் வடிகட்டியைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைத்து, கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டுப் பிழியுங்கள்.

பொறியும் பெட்ரோலும் இருந்தும் பின்னுக்கு உதைத்துக் கயிற்றைக் கையிலிருந்து பறித்தால், முந்தின ஆள் எதிலோ பிளேடை மோதியிருக்கிறார். எஞ்சின் தண்டோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலையும் தண்டையும் இணைக்கும், சாவி என்று சொல்லும் சின்ன அலுமினியத் துண்டு வெட்டுப்பட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் டைமிங், அதாவது பொறி விழ வேண்டிய நேரம், போய்விடும். ஃப்ளைவீலைச் சுத்தியலால் அடிக்காமல் புல்லர் என்ற இழுக்கும் கருவி வைத்துக் கழற்றி, அதே அலுமினியச் சாவியையே போடுங்கள். "இரும்பில் போட்டால் உறுதியாக இருக்குமே" என்று ஒருவர் எனக்குச் சொன்னார். அடுத்த மோதலில் சாவி உடையாமல் தண்டு போய்விடும், அதற்காகத்தான் அதை மென்மையாகச் செய்கிறார்கள்.

ஆயிலை மாற்றுங்கள், கேனில் எஸ்ஏஈ 30 என்று போட்டிருப்பது, அரை லீட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும், அளவுக் கம்பியைப் பார்த்துப் பார்த்து விடுங்கள். பிளேடைக் கழற்றும் முன் பிளக் வயர் கழன்றிருக்கிறதா என்று இன்னொரு தரம் பாருங்கள், இந்த ஒன்றில் மறதி விரலைக் கேட்கும். ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து போல்ட்டைத் திருப்பினால் கழன்றுவிடும். பழைய சரிவு எப்படி இருந்ததோ அப்படியே அரத்தால் தீட்டுங்கள், கத்தி போலக் கூராக வேண்டாம், முதல் கல்லிலேயே மழுங்கும். தீட்டியதும் சுவரில் அடித்த ஆணியில் நடுத்துளையைக் கொளுவுங்கள், எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அராவுங்கள். சமன் இல்லாத பிளேட் கைகளைச் சாயங்காலம் வரை அதிர வைக்கும்.

புது பெட்ரோல் விட்டு, காபரேட்டரில் பெட்ரோலை நிரப்பும் ரப்பர்க் குமிழை மூன்று தரம் அழுத்தி, கம்பியைப் பிடித்து இழுங்கள். காய்ந்த காபரேட்டரில் பெட்ரோல் நிரம்ப நேரமெடுக்கும் என்பதால் முதல் நாள் மட்டும் ஐந்தாறு தரம் அழுத்தினாலும் தப்பில்லை. என்னுடையது நாலாவது இழுவையில் பிடித்தது, மேல்மூடிக்குள் இருந்த பழைய எலிக்கூடு வைக்கோலாகப் பறந்து மனைவி காயப்போட்டிருந்த துணியில் போய் விழுந்தது. மூடியை முதலே கழற்றி, எஞ்சினைக் குளிரவைக்கும் உலோக இறக்கைகளுக்கு நடுவே துப்புரவாக்கியிருக்க வேண்டும், எலிக்கூடோடு ஓடினால் எஞ்சின் சூடேறிச் சாகும். ஒக்டோபரில் கடைசிப் புல்லை வெட்டியதும் டேங்கை வடித்துவிட்டு, மிச்சம் தீர்ந்து தானாக அணையும் வரை ஓட விட்டு உள்ளே வையுங்கள்.