எண்ட்கேமில் என்ஜின் எண்ணை நம்பும்போது நாம் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை செஸ் வகுப்புக்கு வரும் பையன் ஒருவன் வந்ததும் வராததுமாகப் போனை நீட்டினான். "சார், போன வாரம் டிரா ஆன கேம். என்ஜின் ப்ளஸ் மூணுக்கு மேல காட்டுது. ஜெயிக்க வேண்டியதைக் கோட்டை விட்டுட்டேன்." முகம் வாடிப்போயிருந்தது. என்ஜின் என்பது ஆட்டத்தை அலசிச் சொல்லும் மென்பொருள்; அது காட்டும் ப்ளஸ் எண் வெள்ளைக்குச் சாதகம் என்று பொருள். எண்ட்கேம் என்றால் காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்.

அந்த நிலையைப் பலகையில் அடுக்கினோம். வெள்ளைக்கு ராஜாவும் ராணியும் மட்டும். கறுப்புக்கு ராஜா ஜி7, சிப்பாய் எஃப்7, யானை இ6 (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை). "சரி, நான் கறுப்பு. ஜெயி பார்ப்போம்" என்றேன். யானையை இ6-இலிருந்து ஜி6-க்கு வைத்தேன், அப்புறம் மறுபடி இ6-க்கு. அவன் ராணியால் செக் கொடுத்தால் ராஜாவைச் சிப்பாய்க்குப் பக்கத்திலேயே ஒதுக்கிக்கொண்டேன். இரண்டு கட்டங்களிலும் யானைக்கு எஃப்7 சிப்பாய் காவல் இருக்கிறது. யானை ஆறாவது வரிசை முழுவதையும் மறித்து நிற்பதால் வெள்ளை ராஜாவால் உள்ளே வர முடியாது. ராஜா வராமல் ராணி தனியாக மேட் செய்யவும் முடியாது. இருபது நிமிடம் முயன்று பார்த்துவிட்டு நிமிர்ந்தான். அவன் எதையும் கோட்டை விடவில்லை. எதிரில் ஆடியவர்தான் கோட்டை கட்டியிருந்தார். பலம் குறைந்த பக்கம் எதிரியை உள்ளே விடாமல் டிராவைக் காக்கும் அமைப்பைத்தான் செஸ்ஸில் கோட்டை என்கிறோம்.

அவன் போனில் இருந்தது பழைய ஆப். ஆனால் புதிய என்ஜின் வைத்திருப்பவர்களும் இதே மாதிரி ஏமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன். திரையில் ஓர் எண் வந்துவிட்டால் அதோடு யோசனையை நிறுத்திவிடுகிறோம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பதே இல்லை.

எண் மூன்று வழிகளில் வரலாம். என்ஜின் இனி வரக்கூடிய நகர்வுகளை லட்சக்கணக்கில் ஆடிப் பார்க்கிறது, அது தேடல். தேடல் நின்ற இடத்தில் நிலை எப்படி என்று ஒரு கணிப்புப் போடுகிறது, அது மதிப்பீடு. ஸ்டாக்ஃபிஷ் என்ற புகழ்பெற்ற என்ஜினில் 2020-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இந்த மதிப்பீட்டில் நியூரல் நெட்வொர்க் ஒன்று சேர்ந்துகொண்டது. மூன்றாவது வழி டேபிள்பேஸ். காய்கள் மிகக் குறைவாக இருக்கும்போது, எல்லா நிலைகளையும் மேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதிவைத்த அட்டவணை அது. முதல் இரண்டிலும் தவறு வரலாம். அட்டவணையில் வராது. ஆனால் திரையில் மூன்றும் ஒரே மாதிரியான எண்ணாகவே வந்து நிற்கும்.

ப்ளஸ் மூன்று என்றால் மூன்று சிப்பாய் கூடுதல் என்றுதான் பலரும் படிக்கிறார்கள். இது பழைய கணக்கு. 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1-இலிருந்து எண்ணின் பொருளே மாறிவிட்டது. ப்ளஸ் ஒன்று என்றால், என்ஜினும் என்ஜினும் அந்த நிலையிலிருந்து ஆடினால் ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு என்று பொருள். அதாவது அது ஒரு வாய்ப்புக் கணக்கு. நடு ஆட்டத்தில் இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். எண்ட்கேமில் நிலை ஒன்று வெற்றி, இல்லையென்றால் டிரா. இடையில் எதுவும் கிடையாது. அங்கே ப்ளஸ் இரண்டு என்று வந்தால், என்ஜின் இன்னும் முடிவைப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோட்டை நிலையைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. எண்ணை மட்டும் பார்க்காமல், என்ஜின் சொல்லும் நகர்வுகளையே இரண்டு பக்கமும் பதினைந்து இருபது ஆடிப் பாருங்கள். உண்மையான வெற்றி என்றால் எண் ஏறிக்கொண்டே போகும்: இரண்டு, மூன்றரை, ஆறு, அப்புறம் மேட். எண் 2.6, 2.6, 2.5 என்று ஒரே இடத்தில் நின்றால், ராணி இங்கும் அங்கும் உலாவிக்கொண்டிருந்தால், கோட்டை இருக்கிறது என்று சந்தேகப்படலாம். 'டெப்த் (தேடலின் ஆழம்) 45 வரை பார்த்துவிட்டது' என்பதை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட இது மேல். காய்கள் குறைந்தால் ஆழம் கிடுகிடுவென்று ஏறும். வழியே இல்லாத இடத்தில் எவ்வளவு ஆழம் பார்த்தாலும் வழி பிறக்காது.

இதற்கு நேர் எதிரான தவறுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. திரையில் 0.00 வந்தால் 'டிரா, இதில் பார்க்க ஒன்றுமில்லை' என்று மூடிவைத்துவிடுவது.

2021 டிசம்பர் 3, துபாய். உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம். அப்போதைய சாம்பியன் கார்ல்சனிடம் யானை, குதிரை, இரண்டு சிப்பாய்கள். அவரை எதிர்த்து ஆடிய நெப்போம்னியாச்சியிடம் ராணி மட்டும். ராஜாக்களையும் சேர்த்தால் ஏழே காய்கள், அதாவது டேபிள்பேஸ் எல்லைக்குள். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் திரை 'டிரா' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த டிரா பலகைக்கு முன்னால் இருந்தவருக்கு எப்படி இருந்தது? கார்ல்சனின் ராஜாவும் யானையும் குதிரையும் சிப்பாய்களும் ஒன்றையொன்று காத்தபடி அங்குலம் அங்குலமாக முன்னேறின. ராணி ஒவ்வொரு முறையும் சரியான தூரத்திலிருந்து செக் கொடுக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 130-ஆவது நகர்வில் ராணி இ6-க்கு வந்தது. அந்த ஒரு நகர்வில் அட்டவணை 'வெற்றி' என்று மாறியது. 136-ஆவது நகர்வில் ஆட்டம் முடிந்தது. ஏழே முக்கால் மணி நேரம் நடந்த அந்த ஆட்டம்தான் உலகச் சாம்பியன் போட்டி வரலாற்றிலேயே அதிக நகர்வுகள் கொண்டது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். இது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆவது, கடைசி ஆட்டம். சென்னைப் பையன் குகேஷ் கறுப்பு, அப்போதைய சாம்பியன் டிங் லிரென் வெள்ளை. இருவரிடமும் யானையும் பிஷப்பும்; குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். என்ஜின் டிரா என்றுதான் காட்டியது, அது சரியும்கூட. 55-ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2-க்கு வைத்து யானைகளை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். காய்களைக் குறைத்தால் டிரா நெருங்கும் என்பது பொதுவாக எல்லோருக்கும் வரும் நினைப்பு. ஆனால் அவருடைய பிஷப் எங்கே நின்றது என்று பாருங்கள்: ஏ8, மூலை. யானைகள் போனதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-க்கு வைத்தார். மூலையில் நிற்கும் பிஷப்புக்கு இருப்பது ஒரே ஒரு மூலைவிட்டம். பி7, சி6, டி5 மூன்றும் கறுப்பு பிஷப்பின் பிடியில். தப்பிக்க இடமில்லை, மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். மாற்றிய பிறகு மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். அங்கே அந்த ஒரு சிப்பாய் போதும். மூன்று நகர்வுகளில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். நமக்குப் புதிய உலகச் சாம்பியன் கிடைத்தார்.

0.00 என்ற எண்ணில் இந்தப் பள்ளம் தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் என்ஜினில் ஒரே நேரத்தில் ஐந்து வரிகள், அதாவது ஐந்து மாற்று நகர்வுகள், காட்டும் வசதியைப் போட்டுவிடுங்கள். ஐந்தும் 0.00 என்றால் நிம்மதியான டிரா. முதல் வரி மட்டும் 0.00, மற்ற நான்கும் தோல்வி என்றால் அது கயிற்றின் மேல் நடப்பது. போட்டி முடிந்து மாணவர்கள் அலசும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: டிராவைக் காக்கும் நகர்வுகள் எத்தனை இருந்தன?

அட்டவணை பொய் சொல்லாது என்றேன். அதைப் படிப்பதிலும் தவறு நடக்கிறது. முதலில், அது உங்கள் போனில் இருக்க வாய்ப்பில்லை. சிசிஜி என்ற டேபிள்பேஸ் ஐந்து காய் வரை சுமார் 1 ஜிகாபைட், ஆறு காய் வரை சுமார் 150 ஜிகாபைட். 2018-இல் முடிந்த ஏழு காய் அட்டவணை 17 டெராபைட் அளவு. லீசெஸ் தளத்தின் அலசல் பலகையில் ஏழு காய் வரை இலவசமாகப் பார்க்கலாம். ஏழு அல்லது அதற்குக் குறைவான காய்கள் இருக்கும்போது என்ஜின் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு அங்கே போவதுதான் சரி.

அங்கே போனாலும் 50 நகர்வு விதியை மறக்கக் கூடாது. சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் இருபக்கமும் 50 நகர்வுகள் போனால் டிரா கேட்கலாம். அட்டவணையில் 'வெற்றி, ஆனால் 50 நகர்வு விதியால் டிரா' என்று ஒரு வகை தனியாகவே உண்டு. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் 1980-களில் ஐந்து காய் முடிவுகளைக் கணக்கிட்டபோது, இரண்டு பிஷப்புக்கு எதிராக ஒற்றைக் குதிரை டிரா என்று நூறாண்டுக்கு மேலாக நம்பியது தவறு என்று தெரிந்தது. பொதுவாக அது வெற்றி, ஆனால் 66 நகர்வுகள் வரை ஆகலாம். இப்படிப்பட்ட சில முடிவுகளுக்கு உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே கொஞ்ச காலம் வரம்பைக் கூட்டிப் பார்த்தது; 1992-இல் எல்லாவற்றுக்கும் மறுபடி 50 என்று ஆக்கிவிட்டது. ஏழு காய்களில் 549 நகர்வுகள் தேவைப்படும் மேட்கூட இருக்கிறது. பார்க்க வியப்பாக இருக்கும், போட்டியில் அதற்கு மதிப்பில்லை.

இன்னொன்று, அட்டவணையின் முதல் நகர்வைப் பாடமாக மனப்பாடம் செய்வது. சிசிஜி அட்டவணை மேட்டுக்கு எத்தனை நகர்வு என்று எண்ணுவதில்லை. அடுத்த வெட்டோ சிப்பாய் நகர்வோ எத்தனையில் வரும் என்று எண்ணுகிறது. அதனால் நிதானமாக ஜெயிக்கும் வழி இருக்கும்போதே திடீரென்று ஒரு காயைக் கொடுத்துவிட்டுப் போகும் நகர்வு முதலிடத்தில் நிற்கும். அட்டவணைக்கு எல்லா வெற்றியும் ஒன்றுதான். பத்து வினாடி மீதி இருக்கும் மனிதருக்கு அப்படியில்லை. வெற்றிப் பட்டியலில் ஐந்து நகர்வுகள் இருந்தால், உங்களுக்குக் காரணம் புரிகிற நகர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுக்ஸ்வாங் பற்றியும் சொல்ல வேண்டும். நகர்ந்தே ஆக வேண்டியதால் நிலை கெட்டுப்போவதுதான் அது. வெள்ளை ராஜா எஃப்5, சிப்பாய் இ4. கறுப்பு ராஜா டி4, சிப்பாய் இ5. யார் முறையோ அவருக்குத் தோல்வி. நகர்ந்தால் தன் சிப்பாயைக் கைவிட்டாக வேண்டும். இந்தச் சின்ன நிலையை எந்த என்ஜினும் நொடியில் சொல்லிவிடும். சிக்கல் வேறிடத்தில். வேகத்துக்காக என்ஜின்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றன: முறையைச் சும்மா விட்டுக்கொடுத்தாலும் நிலை நன்றாக இருக்கிறதென்றால், அந்தக் கிளையை மேலும் தோண்ட வேண்டாம் என்பது. சும்மா இருக்க முடிந்தால் பிழைக்கலாம் என்பதுதானே சுக்ஸ்வாங்! அங்கே இந்தக் குறுக்குவழி தவறிவிடும். சிப்பாய்கள் மட்டும் இருந்தால் அதை நிறுத்திவிடுகிறார்கள். குதிரையோ பிஷப்போ கூட இருக்கும் நிலைகளில் என்ஜினுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். முதல் வினாடியில் வந்த எண்ணோடு எழுந்துவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்னதால் 'கம்ப்யூட்டருக்கு எண்ட்கேம் வராது' என்று முடிவு கட்டினால் அதுவும் பழைய கதைதான். 1998-இல் லினாரெஸில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் 47-ஆவது நகர்வில் பிஷப்பை ஹெச்3-இல், சிப்பாய் வெட்டும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். ராஜா நேரத்துக்கு இ4-க்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஒரு முழு பிஷப்பையே கொடுத்தார். பல ஆண்டுகள் என்ஜின்களைச் சோதிக்க இந்த நிலையைத்தான் கொடுப்பார்கள், தடுமாறும். இன்றைய என்ஜின்கள் கண்டுபிடித்துவிடுகின்றன. 2018 லண்டனில், கார்ல்சனுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தின் 68-ஆவது நகர்வில் கருவானாவுக்கு வெற்றி இருக்கிறது என்று நார்வேயில் ஓடிய பெரிய கணினி காட்டியது. பிஷப்பை ஹெச்4-க்கு வைத்து, அப்புறம் குதிரையைத் தானாகவே ஜி1 என்ற மூலையோரக் கட்டத்தில் கொண்டுபோய் அடைக்க வேண்டும். எந்த மனிதரும் அப்படி யோசிக்க மாட்டார். ஆட்டம் டிரா ஆனது. இதைக் கருவானாவின் தவறு என்று எழுதியவர்களைப் பார்த்து வருத்தப்பட்டேன். உங்கள் ஆட்டத்திலும் என்ஜின் இப்படி ஒன்றைக் காட்டி இரண்டு கேள்விக்குறி (பெரும் தவறு என்ற குறி) போட்டால், அதற்காகத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். உங்களால் கண்டுபிடித்திருக்கக் கூடிய தவறுகள் வேறு இருக்கும், நேரத்தை அவற்றில் செலவிடுங்கள்.

அந்தப் பையனுக்கு வீட்டுப்பாடமாக அதே நிலையைக் கொடுத்தேன். இந்த முறை அவன் கறுப்பு, போன் வெள்ளை. ஒவ்வொரு நகர்வையும் எழுதிவரச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை கோடு போட்ட நோட்டில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். யானை இ6, யானை ஜி6, ராஜா ஜி8, யானை இ6. நடுவில் ஓரிடத்தில் அவசரப்பட்டு ராஜாவைச் சிப்பாயை விட்டு விலக்கி, யானையை இழந்து தோற்றிருந்தான்; அந்த வரியைச் சிவப்பில் அடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி ஆடியிருந்தான். இரண்டாவது பக்கத்தின் அடியில் 50 என்று எழுதி வட்டமிட்டு, பக்கத்தில் 'டிரா' என்று போட்டிருந்தான். போனை எடுத்துக் காட்டினான். அதில் இன்னும் ப்ளஸ் மூன்றுதான் இருந்தது.