பி மதிப்புக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

மின்னஞ்சலில் ஓர் எக்செல் கோப்பு வரும். பெயர் ‘மாஸ்டர் சார்ட் ஃபைனல் 3’. கூடவே ஒரு வரி: “சார், பி மதிப்பு மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும். தீசிஸ் கொடுக்கப் பத்து நாள்தான் இருக்கிறது.” (பி மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வேறுபாடு தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு.) மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுக்கும் எவருக்கும் இந்தக் கடிதம் மனப்பாடம். திறந்து பார்த்தால் பெரும்பாலும் கணக்கில் சிக்கல் இருக்காது. ஒன்றரை வருடத்துக்கு முன் எதை அளப்பது, யாரோடு யாரை ஒப்பிடுவது என்று முடிவு செய்த அன்றே காரியம் கெட்டிருக்கும். அதற்கு எந்த மென்பொருளிலும் மருந்து கிடையாது.

அளக்க எளிதானதை அளப்பது

நோயாளிக்கு வேண்டியது உயிரோடு இருப்பது, வலியில்லாமல் நடப்பது, மறுபடி ஆஸ்பத்திரிக்கு வராமல் இருப்பது. ஆய்வாளரின் கைக்கு எட்டுவதோ ரத்தப் பரிசோதனையில் ஓர் எண், ஸ்கேனில் ஓர் அளவு, ஈசிஜியில் ஒரு கோடு. இதை அளந்துவிட்டு அதை அளந்ததாக நினைத்துக்கொள்வது எல்லாத் துறைகளிலும் நடக்கிறது.

இதயத்துறை இதற்குக் கொடுத்த விலை பெரிது. மாரடைப்பிலிருந்து பிழைத்த சிலருக்கு இதயத்தின் கீழறைகளிலிருந்து இடையிடையே கூடுதல் துடிப்புகள் வரும். அப்படி வருபவர்கள் திடீரென இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்திருந்தது. என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகள் அந்தத் துடிப்புகளை அடக்கின. துடிப்பு அடங்கினால் சாவும் குறையும் என்று யாருக்குத்தான் தோன்றாது? மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ‘காஸ்ட்’ என்ற ஆய்வு வந்தது. மருந்துக்குத் துடிப்பு அடங்குகிறது என்று உறுதியானவர்களை மட்டும் எடுத்து, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பக்கத்துக்கு மருந்தும் மறுபக்கத்துக்கு மருந்துப்போலியும் (மருந்து இல்லாத, பார்க்க அதே போன்ற மாத்திரை) கொடுத்தார்கள். 1989இல் இந்த இரு மருந்துகளுக்கான பகுதியை நடுவிலேயே நிறுத்த வேண்டி வந்தது. மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். போலி பெற்ற 743 பேரில் 26 பேர். ஈசிஜியை மட்டும் அளந்திருந்தால் அது வெற்றி பெற்ற மருந்து.

பதிலி அளவீடே (வேண்டியதற்குப் பதிலாக, கைக்கு எட்டியதை அளப்பது) கூடாது என்று நான் சொல்லவில்லை. முதுநிலை மாணவர் ஒருவரால் ஐந்து வருடம் நோயாளிகளைப் பின்தொடர முடியாதுதான். ஆனால் ஹெச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எண்) குறைந்தது என்றால் ‘ஹெச்பிஏ1சி குறைந்தது’ என்றே எழுதுங்கள்; ‘நோயாளிகள் பயனடைந்தனர்’ என்று தாவாதீர்கள்.

புற்றுநோயில் இதே தவறு வேறு வேடம் போடுகிறது. இரண்டு பேருக்கு ஒரே வயதில் ஒரே கட்டி தொடங்குகிறது. இருவருமே 70 வயதில் இறக்கிறார்கள். ஒருவருக்கு அறிகுறி தெரிந்து 67இல் கண்டுபிடிக்கிறார்கள். மற்றவருக்குப் பரிசோதனை முகாமில் 60இலேயே தெரிந்துவிடுகிறது. ‘கண்டுபிடித்தபின் ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தாரா’ என்று கேட்டால் முதலாமவர் தோல்வி, இரண்டாமவர் வெற்றி. ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை; நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த காலம்தான் கூடியது. பரிசோதனைத் திட்டங்களைப் பற்றிய ஆய்வில் ஐந்தாண்டு பிழைப்பு விகிதத்தை மட்டும் காட்டினால் நான் அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை. இறப்பு எண்ணிக்கையைக் கேட்பேன்.

எடுத்துக்கொண்டவர்களும் எடுக்காதவர்களும்

மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதயநோய் குறைவு என்று பல கூர்நோக்கு ஆய்வுகள் (யாருக்கு எது என்று ஆய்வாளர் தீர்மானிக்காமல், நடப்பதைக் கவனிக்க மட்டும் செய்பவை) காட்டின. 2002இல் வெளிவந்த மகளிர் நலத் தொடக்க ஆய்வில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தபோது, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இதயநோய் கூடியிருந்தது. முரண்பாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம், தானாக முன்வந்து மாத்திரை எடுத்தவர்கள் பொதுவாகவே வசதியும் படிப்பும் உடல்நல அக்கறையும் கூடியவர்கள் என்பது. மாத்திரை எடுக்கத் தொடங்கிய வயதும் முக்கியம் என்று பிறகு பேசப்பட்டது. எப்படியும், ‘எடுத்தவர்’ எதிர் ‘எடுக்காதவர்’ என்று கோடு கிழித்ததுமே அந்தக் கோட்டின் இரு பக்கமும் வேறு வேறு மனிதர்கள் நிற்கிறார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. இதயநோய் 29 சதவீதம் கூடியது என்று தலைப்புகள் அலறின. ஆண்டுக்கு 10,000 பெண்களுக்கு 7 பேர் கூடுதல் என்றும் அதைச் சொல்லலாம். இரண்டும் உண்மை. கட்டுரையில் இரண்டும் இருக்க வேண்டும். முதலாவதை மட்டும் எழுதுபவர் எதையோ விற்கிறார் என்று நான் சந்தேகப்படுவேன்.

எக்செலில் ஒரு பூஜ்யம்

பாலினம் என்ற நெடுவரிசையில் ஆங்கிலத்தில் ‘எம்’, ‘மேல்’ (male), தமிழில் ‘ஆண்’, பின்னால் ஓர் இடைவெளியோடு இன்னொரு ‘எம்’. மென்பொருளுக்கு இவை நான்கு பாலினங்கள். ரத்த அழுத்தம் 120/80 என்று ஒரே கட்டத்தில் இருக்கும். இரண்டாகப் பிரிக்காமல் சராசரி எடுக்க முடியாது. இவையெல்லாம் தொல்லை மட்டும்தான், ஆபத்தில்லை. கண்ணில் படும், திருத்திவிடலாம்.

ஆபத்து, விட்டுப்போன முடிவை எப்படிக் குறிக்கிறோம் என்பதில் இருக்கிறது. 50 பேருக்கு ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், ஒருவருக்கு ரிப்போர்ட் வரவில்லை. மற்ற 49 பேரின் சராசரி 12 என்று வைத்துக்கொள்வோம். காணாமல் போனதற்கு 99 என்று போட்டு, அதை நீக்க மறந்தால் சராசரி 13.74 ஆகும், யாராவது புருவத்தைத் தூக்குவார்கள். பூஜ்யம் போட்டால் 11.76. அது பார்வைக்கு நல்ல பிள்ளை. அப்படியே தீசிஸுக்குள் போய் உட்கார்ந்துவிடும். காலியாக விடுங்கள், ஏன் காலி என்று பக்கத்து நெடுவரிசையில் எழுதுங்கள்.

மரபணு ஆய்வாளர்களையும் எக்செல் விடவில்லை. ‘செப்ட்2’, ‘மார்ச்1’ போன்ற மரபணுப் பெயர்களை அது தேதி என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் எக்செலோடு சண்டை போட முடியாமல், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. இதற்கான வழிகாட்டுதலை 2020இல் வெளியிட்டது.

ராசி பார்த்து ஆஸ்பிரின்

மொத்தத்தில் பலன் தெரியவில்லை என்றதும், ‘பெண்களில் மட்டும் பாருங்கள்’, ‘அறுபதைத் தாண்டியவர்களில் பாருங்கள்’ என்று அடுத்த கடிதம் வரும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது துணைக்குழுக்களைச் சோதித்தால், மருந்து வெறும் தண்ணீராக இருந்தாலும் எங்காவது ஒன்றில், ‘வேறுபாடு உண்டு’ என்று வழக்கமாக ஏற்கும் எல்லையான 0.05க்குக் கீழே பி மதிப்பு கிடைக்கும் வாய்ப்பு 64 சதவீதம்.

1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு, மாரடைப்பு வந்த 17,187 பேரிடம் ஆஸ்பிரின் சாவைத் தெளிவாகக் குறைக்கிறது என்று காட்டியது. துணைக்குழு வாரியாகப் பிரித்தால் என்ன ஆகும் என்று உணர்த்த, ஆய்வாளர்கள் நோயாளிகளை ராசிப்படியும் பிரித்துப் போட்டார்கள் (பிறந்த தேதியை வைத்து மேலைநாட்டில் பார்க்கும் ராசி, சந்திரன் நின்ற ராசி அல்ல). மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரின் பலனளிக்காமல், சற்றுக் கெடுதலாகவே தெரிந்தது! அத்தனை பெரிய ஆய்விலேயே இப்படி என்றால், அறுபது பேரை மூன்றாகப் பிரித்தால் வருவதை என்னவென்று சொல்ல?

சிறிய ஆய்வுகளில் எதிர்த்திசைத் தவறும் உண்டு. இரு பக்கமும் இருபது பேர், பி மதிப்பு 0.4, ‘இரு சிகிச்சைகளுக்கும் வேறுபாடு இல்லை’ என்று முடிவுரை. பக்கவிளைவு 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைவதை ஓரளவு நம்பிக்கையோடு பிடிக்கவே ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 200 பேர் வேண்டும். வேறுபாடு இல்லை என்பது வேறு, வேறுபாட்டைப் பார்க்கும் கண் நமக்கு இல்லை என்பது வேறு.

அலமாரியில் தங்கிவிடுபவை

மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை எடுத்து, அவை இதழ்களில் எப்படி வந்தன என்று 2008இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாதகமாக முடிந்த 38 ஆய்வுகளில் 37 வெளியாகியிருந்தன. சாதகமில்லாத 36இல் 22 வெளியாகவே இல்லை. மூன்று உள்ளபடி வந்திருந்தன. மீதி 11, சாதகமான முடிவு போலவே எழுதப்பட்டிருந்தன.

அந்த 11 எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். பொய் எண் எதுவும் போடாமலே அப்படி எழுத முடியும். முதன்மை முடிவாக (ஆய்வின் முக்கியக் கேள்விக்கு விடை தரும் அளவீடாக) முன்பு சொன்னதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நன்றாக வந்த ஒன்றை முன்னுக்குக் கொண்டுவந்தால் போதும். அதனால் இப்போதெல்லாம் எக்செலோடு சேர்த்து, நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த ஆய்வுத் திட்டத்தையும் அனுப்பச் சொல்கிறேன். ‘ஃபைனல் 3’ அனுப்பியவரும் அனுப்பினார். திட்டத்தில் முதன்மை முடிவு, அறுவை சிகிச்சைக்கு ஆறு மாதம் கழித்து நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பது. எக்செலில் அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை. டிஸ்சார்ஜ் அன்று எடுத்த வலி மதிப்பெண்தான் இருந்தது.

“ஆறு மாதம் கழித்துப் பாதிப் பேர் வரவே இல்லை சார்” என்றார் தொலைபேசியில். அதையே முதல் அட்டவணையாகப் போடச் சொன்னேன்: எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை. வலியைப் பற்றிய முடிவு அதற்குக் கீழே, முதன்மை முடிவல்ல என்ற குறிப்போடு.