மானியம் கேட்பதற்கு முன், அது வந்து இறங்க ஓர் இடம்

2022இல் எனக்கு முதல் மானியம் கிடைத்தது. 3,000 டாலர். மின்னஞ்சல் வந்த அன்று, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருக்கும் ஜாக்சன் ஹைட்ஸ் ரயில் நிலையத்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆனால் பணம் கைக்கு வர நாலரை மாதம் ஆனது. அந்த அறக்கட்டளை தனி ஆட்களுக்குப் பணம் தருவதில்லை, பதிவு பெற்ற லாப நோக்கற்ற அமைப்புகளுக்குத்தான் தரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. போதாததற்கு, விண்ணப்பத்தில் என் பெயர் ஒன்று, வங்கியில் அப்பா வைத்த பழைய பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் கோடை போய்விட்டது. நான் எடுக்க நினைத்ததோ கோடையில் நடக்கிற கதை.

அதனால்தான் அமெரிக்காவில் இருந்துகொண்டு படம் எடுக்க நினைக்கிற, வெள்ளையரல்லாத திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பணம் எங்கே வந்து இறங்கும் என்பதை முடிவு செய்துவிட்டு, அப்புறம் கேட்கப் போங்கள்.

இதற்கு இங்கே ‘ஃபிஸ்கல் ஸ்பான்சர்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 501 சி 3 என்ற வரிவிலக்குத் தகுதி உள்ள ஓர் அமைப்பு உங்கள் படத்தைத் தன் குடையின் கீழ் எடுத்துக்கொள்ளும். மானியமும் நன்கொடையும் அவர்கள் கணக்குக்கு வரும். அதில் 5 முதல் 10 சதவீதம் வரை பிடித்துக்கொண்டு மீதியை உங்கள் படச் செலவுக்குத் தருவார்கள். விமன் மேக் மூவீஸ், ஃபிலிம் இன்டிபென்டென்ட், ஃப்ராக்சர்டு அட்லஸ் எல்லாம் இதைச் செய்கின்றன. சேர்வதற்கே ஒரு விண்ணப்பம் உண்டு, பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம். அதனால் கதைச் சுருக்கம் தயாரானதுமே இதைத் தொடங்கிவிடுங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. டபிள்யூ-9 என்ற வரிப் படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசுப் பதிவில் இருக்கும் பெயரைத்தான் எழுத வேண்டும். ஸ்பான்சர் இருந்தால் அந்தப் பெயர் அவர்கள் அலுவலகத்தோடு நின்றுவிடும். மானியம் தருகிறவர் காசோலையை ஸ்பான்சர் பெயரில் எழுதுவார். அவருக்கு நீங்கள் சொல்லும் பெயர் மட்டும் தெரிந்தால் போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், ‘என் சட்டப் பெயர் வெளியே எங்கெல்லாம் போகும்?’ என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

மெடிக்கெய்டில், அதாவது குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில், இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மானியம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வந்தால் அது வருமானமாகக் கணக்கிடப்பட்டு, காப்பீட்டுத் தகுதியே போய்விடக்கூடும். ஹார்மோன் மருந்தை அதை நம்பி வாங்குகிறவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. எஸ்எஸ்ஐ என்ற, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு தரும் உதவித்தொகையை வாங்கும் தனி நபரின் கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டவே கூடாது. கேமரா வாடகை, எடிட்டர் சம்பளம் போன்றவற்றை ஸ்பான்சரே நேரடியாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். விசாவில் இருப்பவர்கள் ஒரு டாலர் வாங்கும் முன்னும் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். ஒப்பந்தம், உரிமை போன்ற விஷயங்களுக்கு நியூயார்க்கில் வாலண்டியர் லாயர்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற அமைப்பு 1969இலிருந்து கலைஞர்களுக்கு உதவி வருகிறது.

சரி, யாரிடம் கேட்பது?

நான் முதலில் பெரிய பெயர்களுக்கே எழுதினேன். பதினொரு நிராகரிப்பு. அதற்கப்புறம் வரிசையைத் திருப்பிப் போட்டேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். வீட்டுக்குப் பக்கத்தில் தொடங்குங்கள். குவீன்ஸில் இருப்பவர்களுக்கு மட்டும் குவீன்ஸ் ஆர்ட்ஸ் ஃபண்ட் இருக்கிறது. உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது ஒரு கலை நிதி இருக்கும். போட்டி நாடு முழுக்க இல்லாமல் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். அப்புறம் நமக்கென்றே இருப்பவை. டிரான்ஸ்ஜென்டர் ஃபிலிம் சென்டர் நம்மவர்கள் எடுக்கும் படங்களுக்கு உதவுகிறது. அதைத் தொடங்கியவர் சாவ் ராட்ஜர்ஸ், அவரும் ஒரு திருநம்பி இயக்குநர். சான் பிரான்சிஸ்கோவின் ஃப்ரேம்லைன் 1990இலிருந்து, முடியும் கட்டத்தில் பணமில்லாமல் நிற்கும் படங்களுக்கு நிதி தருகிறது. சன்டான்ஸ் திரைப்பட விழாவை நடத்தும் சன்டான்ஸ் இன்ஸ்டிடியூட் 2021இல் ‘டிரான்ஸ் பாஸிபிலிட்டீஸ் இன்டென்சிவ்’ என்ற பயிற்சியை வெள்ளையரல்லாத டிரான்ஸ் கலைஞர்களுக்கென்றே தொடங்கியது. நியூயார்க்கின் குவியர்ஆர்ட்டில் அனுபவமுள்ள ஒரு கலைஞரோடு உங்களை இணைத்துவிடும் திட்டம் உண்டு. எனக்குப் பணத்தைவிட இந்த மாதிரித் துணைதான் அதிக நாள் உதவியது. தேதிகளும் விதிகளும் வருடா வருடம் மாறும், விண்ணப்பிக்கும் வாரத்தில் அவரவர் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பணத்தை இப்போதைக்கு நம்பி உட்கார வேண்டாம். 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆவணப்படக்காரர்கள் காலங்காலமாகத் தட்டிய கதவு அது. அதே ஆண்டின் தொடக்கத்தில் மத்தியக் கலை நிதி அமைப்பு, ‘பாலினக் கருத்தியலை’ வளர்க்க மாட்டோம் என்று விண்ணப்பதாரர்களிடம் உறுதிமொழி கேட்டது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. என்னிடம் அப்படி ஒரு தாளை யாராவது நீட்டினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

விண்ணப்பத்தில் நடுவர்கள் முதலில் திறப்பது மாதிரிக் காட்சியை. மூன்று நிமிடம் போதும், ஆனால் அது இருந்தே ஆக வேண்டும். டி. ஸ்மித் என்ற கறுப்பின டிரான்ஸ் பெண், இசைத் தயாரிப்பில் இருந்தவர், பெண்ணாக மாறிய பிறகு வேலை போய், நண்பர்கள் வீட்டு சோபாக்களில் தூங்கிய காலத்தில் ‘கொகோமோ சிட்டி’ என்ற ஆவணப்படத்தைத் தானே கேமரா பிடித்து எடுத்தார். வேறு இயக்குநர்களைக் கேட்டுப் பார்த்தார், யாரும் வரவில்லை. 2023 சன்டான்ஸ் விழாவில் அந்தப் படம் இரண்டு விருது வாங்கியது. நியூயார்க்கில் கையில் கேமராவோடு, பொதுச் சாலையை மறிக்காமல் எடுத்தால் அனுமதிச் சீட்டு தேவையில்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஜாக்சன் ஹைட்ஸின் டைவர்சிட்டி பிளாசா சதுக்கத்தில் போனிலேயே என் மாதிரிக் காட்சியை எடுத்தேன். ஒலிவாங்கி மட்டும் வாடகைக்கு, 35 டாலர்.

எழுத்தில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ‘ஏன் இந்தப் படம், ஏன் நீங்கள்’ என்ற கேள்விக்கு, என் முதல் பதிலில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இரவை முழுசாக எழுதினேன். அனுப்பிவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை, மானியமும் வரவில்லை. அடுத்த முறை, படத்தின் நாயகியான சமையல்கார அக்கா சலவைக்கடையில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் புடவை மடிப்பதை எழுதினேன். கிடைத்தது. உங்கள் காயம் உங்களுடையது, எவ்வளவு காட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது, நீங்கள் எதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பது.

பட்ஜெட்டில் வெட்கப்படாமல் எழுத வேண்டிய வரிகள் இரண்டு. ஒன்று, படத்தில் வருகிறவர்களுக்கும் உங்களுக்கும் சம்பளம். ‘இயக்குநர்: 0’ என்று எழுதினால், திட்டமிடத் தெரியாதவர் என்றுதான் நடுவர்கள் நினைப்பார்கள். இரண்டு, இரவு வண்டி. எங்கள் பட்ஜெட்டில் அதற்கு 240 டாலர். பத்து மணிக்கு மேல் படப்பிடிப்பு முடிந்தால் யாரும் தனியாக ரயிலில் போகக் கூடாது என்று விதி வைத்தோம். ஒரு நிறுவனத்தில் ‘இது எதற்கு?’ என்று கேட்டார்கள். குழுவில் ஐந்து பேரில் நான்கு பேர் டிரான்ஸ் பெண்கள் என்றேன். மறு கேள்வி வரவில்லை.

இணையத்தில் பலரிடம் சிறு தொகைகளாகக் கூட்டுநிதி திரட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் இலக்கை எட்டாவிட்டால் ஒரு பைசாவும் வராது, எட்டினால் 5 சதவீதமும் அட்டைக் கட்டணமும் போகும். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பக்கம் உலகத்துக்கே திறந்தது. உங்கள் முகத்தோடும் பெயரோடும் அது ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர ஒரு நாள் போதும். ஊரில் இன்னும் சொல்லாதவர்கள், ஸ்பான்சர் தரும் நன்கொடை இணைப்பைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஒவ்வொருவராக அனுப்பலாம். கொடுப்பவர்களுக்கு வரிக்கழிவும் உண்டு. எனக்கு அப்படி 63 பேர் கொடுத்தார்கள், பெரும்பாலும் 25 டாலர், 50 டாலர். அதில் பாதிப் பேருக்கு நானே போன் செய்து கேட்டேன். முதல் ஐந்து போன்தான் கஷ்டம்.

பணம் வந்ததும் ரசீதுகளை அன்றன்றே போட்டோ எடுத்து, மானியத்துக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாக வையுங்கள். முடிவில் அறிக்கை கேட்பார்கள். அதைச் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே, படத்தின் இணைப்போடு அனுப்பிவிடுங்கள். எங்கள் படத்தின் ஒலிக்கலவைக்கு வந்த 1,500 டாலர், நான் அப்படி அறிக்கை அனுப்பிய பழைய இடத்திலிருந்தே வந்தது.