பட்டமளிப்பு விருந்து: சுவர் பெயின்ட் உரியாமல் அலங்காரம் ஒட்ட

பட்டம் வாங்கிய பிள்ளைக்காக நாம் வெட்டிய சார்ட் பேப்பர் தொப்பி, தோரணம், பெயர் எழுத்துகளை ஒட்டும்போது, முதலில் சுவரில் மாஸ்கிங் டேப் (பெயின்டர்கள் ஓரங்களில் ஒட்டும் காகித டேப்) ஒட்டி, அதன் மேல் டபுள் சைடு டேப்பை ஒட்டுங்கள். மாஸ்கிங் டேப்பின் பசை லேசானது. மறுநாள் மெதுவாக இழுத்தால் பெயின்ட்டை விட்டுவிட்டு வந்துவிடும். டபுள் சைடு டேப்பை நேரடியாக ஒட்டினால் பெயின்ட்டும் சேர்ந்து உரியும். அப்புறம் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் பூசினால் திட்டுத் திட்டாகத் தெரியும். வாடகை வீடு என்றால் கட்டாயம் இப்படியே செய்யுங்கள்.

சுண்ணாம்புச் சுவர், ஈரம் ஊறிய சுவர், புதிதாகப் பெயின்ட் அடித்த சுவருக்கு இது சரிவராது. அங்கே ஜன்னல் கம்பிகளுக்கு இடையே நூல் கட்டித் தொங்கவிடலாம். ஃபிரேம் போட்ட போட்டோ போன்ற கனமானவற்றை இதை நம்பி மாட்ட வேண்டாம்.